பாளையங்கோட்டையில் பள்ளி தேடுவோர் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூட வாசல்தான். சேசு சபையாரின் சவேரியார், சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் சாராள் தக்கர், இக்னேஷியஸ் கான்வென்ட், பக்கத்து மேலப்பாளையத்தின் முஸ்லிம் மேல்நிலைப் பள்ளி என்று பழைய பெயர்கள் ஒருபுறம். புறவழிச்சாலைப் பக்கம் முளைத்த சி.பி.எஸ்.இ. பள்ளிகள் மறுபுறம்.

"அவ்வளவு பெரிய பள்ளியில நம்மால ஃபீஸ் கட்ட முடியுமா?" என்று விண்ணப்பம்கூட வாங்காமல் ஒதுங்குவது முதல் தவறு. பழைய மிஷன் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளத்தை அரசே தருகிறது. தமிழ் வழிக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் அதே காம்பவுண்டுக்குள் ஆங்கில வழி சுயநிதிப் பிரிவாக நடக்கலாம், அங்கே பணம் கட்டியாக வேண்டும். வாசல் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவுகட்டாமல், "என் பிள்ளைக்குக் கிடைப்பது எய்டட் செக்‌ஷனா, செல்ஃப் ஃபைனான்ஸா?" என்று அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.

சம்பளம் அரசுடையது என்பதால் பள்ளியும் அரசுப் பள்ளிதான் என்று எண்ணுவது இதைவிடப் பெரிய சறுக்கல். மருத்துவப் படிப்பில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளிக்கு அது இல்லை. பிளஸ் டூ முடித்தபின் இதைக் கேட்டு அதிரும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்றும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தை கான்வென்ட்டில் தேடி அலைய வேண்டாம். 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

மதம் பற்றிய பயம் பெரும்பாலும் மிகை. பல பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளி, பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவரை மதபோதனையில் உட்காரவைக்க முடியாது. அந்தச் சம்மதம் விண்ணப்பத்தின் ஏதோ ஒரு வரியில் இருக்கக்கூடும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுயநிதிப் பள்ளி என்றால் அரசின் கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்குத் தந்த உத்தரவைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அதில் உள்ள தொகைக்குமேல் வாங்குவது குற்றம். ரசீது தராத "பில்டிங் ஃபண்டு" எதற்கும் பணத்தை நீட்டாதீர்கள்.