தாதியர் பயிற்சிக்கு எவ்வளவு காசு முடியும்? திருகோணமலையிலிருந்து ஒரு மிஸ்ஸியின் (தாதியின்) கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை ஆவதற்குள், பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தேத்தண்ணி ஆறும் முன்பே கேள்வி வந்துவிடும். "நேர்சிங் படிக்க எவ்வளவு காசு முடியும் பிள்ளை?"

எந்த வழியில் என்று நான் திருப்பிக் கேட்பேன். அப்போதுதான் பல பேருக்கு வழி ஒன்றுக்கு மேலே இருக்கிறது என்பதே தெரியவரும். போன வருடம் ஒரு தாய் காணி உறுதியையே பையில் கொண்டுவந்திருந்தார். மகள் உயிரியல் படித்து மூன்று பாடமும் சித்தியடைந்தவள். அந்தப் பிள்ளைக்குக் காணியை ஈடு வைக்க ஒரு தேவையும் இல்லை. அந்த அம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா படிக்கக் கட்டணம் கிடையாது. மாறாக, பயிற்சிக் காலம் முழுவதும் மாதாமாதம் கொடுப்பனவு தருவார்கள். பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிப்பதும் இலவசம்தான். எங்கள் மாகாணத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது. அங்கே போக உயர்தரத்தில் போதிய இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் புள்ளி, வேண்டும். மூன்றாவது வழி தனியார். அதில்தான் காசு முடியும், அதில்தான் ஏமாறவும் முடியும்.

நான் முதல் வழியில் போனவள். அப்பா துறைமுகத்தில் நாட்கூலி. அம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தார். படிப்புக்கு ஒரு சதம் கட்டவில்லை. ஆனாலும் கடன் வந்தது. ஏனென்றால் காசு தேவைப்பட்டது படிப்புக்கு இல்லை, காத்திருப்புக்கு. பெறுபேறு வந்த நாளுக்கும் முதல் கொடுப்பனவு கைக்கு வந்த நாளுக்கும் நடுவில் கிடந்த காலம் இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டைப் பிழிந்தது. ஆகவே கணக்கை அங்கிருந்தே தொடங்குங்கள்.

உயர்தரம் முடித்த உடனே யாரும் கூப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். எந்தெந்த வருடம் உயர்தரம் எடுத்தவர்கள், எந்தப் பாடங்கள், வயது எத்தனை என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். உங்கள் வருடத்தின் முறை வர வருடக்கணக்கிலும் ஆகலாம். அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே வர்த்தமானியை இறக்கலாம். வெள்ளி இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வட்ஸப்பில் வரும் படத்தை நம்பி இருந்தவர்கள் முடிவுத் திகதி போன பிறகு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்காதீர்கள். நான் டவுனில் ஒரு பாமசியில் ஏழு மாதம் நின்றேன். சம்பளம் பெரிதில்லை. ஆனால் மருந்துப் பெயர்கள் கண்ணுக்கும் வாய்க்கும் பழகின. பிறகு வாட்டில் மருந்து அட்டையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் முழித்த நேரம் எனக்கு அது சும்மா வாசிக்கிற மாதிரி இருந்தது. பின்னேரங்களில் ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பதாம் ஆண்டு வரை விஞ்ஞான ரியூசன். தம்பிமார் என்றால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலை இருக்கும். ஆனால் அது வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, சீசனுக்கு மட்டும். மாரி தொடங்கினால் அங்கே நாய்களும் நாற்காலிகளும்தான். சீசன் காசைச் சீசனிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனி அந்தத் தனியார் விஷயம். வேறொரு ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தில் என் சித்தியின் மகள் சேர்ந்தாள். சேர்வுக் கட்டணம், சீருடைக் கட்டணம், 'வைத்தியசாலைப் பயிற்சிக் கட்டணம்' என்று தவணை தவணையாகக் கட்டினார்கள். பதினெட்டு மாதத்தின் முடிவில் கையில் வந்தது ஒரு பளபளப்பான சான்றிதழ். அதை வைத்துத் தாதியாகப் பதிய முடியாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக நிற்கிறாள். நல்ல வேலைதான், ஆனால் அவள் காசு கட்டியது அதற்கு இல்லை.

ஆகவே தனியாருக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கைத் தாதியர் பேரவையில் பதியலாமா? அல்லது இது என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) மட்டத்துப் பாடநெறியா? என்.வி.கியூ. என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனமும் பாடநெறியும் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். என்.வி.கியூ. நான்கு முடித்த தாதி உதவியாளரும் பதிவுபெற்ற தாதியும் ஒன்றில்லை. பதிலை நிறுவனத்தின் வாயிலிருந்து கேட்க வேண்டாம், பேரவையிடமே கேளுங்கள். கொழும்பில் சில பெரிய தனியார் மருத்துவமனைகள் தாங்களே பயிற்றுவித்து மாதப்படியும் தருகின்றன. அது பரவாயில்லை, ஆனால் எத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

அனுமதி பெற்ற அரசசாரா உயர்கல்வி நிறுவனத்தில் பட்டப்படிப்பு என்றால், 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் தாதியியல் இருக்கிறதா என்று நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தின் அறிவித்தலில் பாருங்கள். திட்டம் பட்டத்துக்கு மட்டும்தான். டிப்ளோமாவுக்கு அந்தக் கடன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, கடிதம் வந்துவிட்டது, பயிற்சிக்குப் போக வேண்டும். இப்போது ஒரே தடவையில் ஒரு தொகை தேவை. எனக்கு நான்கு மாதச் செலவு கையில் இருக்க வேண்டும் என்று ஒரு மூத்த மிஸ்ஸி சொன்னார். நான் இரண்டு மாதத்துக்குத்தான் திரட்டினேன், மூன்றாம் மாதம் தடுமாறினேன். எந்தக் கொடுப்பனவும் சேர்ந்த மாதமே வந்துவிடும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

அந்தத் தொகைக்கு எங்கள் ஊரில் மூன்று வாசல். முதலாவது சீட்டு. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம் என்றால் எடுக்கும்போது அறுபதாயிரம். காத்திருக்கும் காலத்திலேயே தெரிந்தவர் பிடிக்கும் சீட்டில் சேர்ந்து, கடைசிப் பக்கம் எடுக்கிற மாதிரிப் பேசிக்கொள்ளுங்கள். முதலில் எடுத்தால் அது கடன், கடைசியில் எடுத்தால் அது சேமிப்பு. ஏலச்சீட்டில் அவசரத்துக்குத் தொகையைக் குறைத்துக் கேட்டு எடுப்பவர்தான் நட்டப்படுவார்.

இரண்டாவது அடைவு, அதாவது நகையை ஈடு வைப்பது. அம்மாவின் இரண்டு காப்பை அரச வங்கியில் வைத்தோம். வங்கிக்குப் போன காலை அம்மா காப்பைக் கழற்றச் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் கழற்றாத காப்பு. கையில் வெள்ளையாக இரண்டு வளையம் தெரிந்தது. கவுண்டரில் இருந்த அண்ணன் கல்லில் உரசி, நிறுத்துப் பார்த்து, அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்று சொன்னார். அம்மா முழுவதையும் வாங்கச் சொன்னார். நான் தேவையானதை மட்டும் கேட்டேன். அன்று நான் செய்த புத்தியான காரியம் அது ஒன்றுதான். வட்டி எடுத்த தொகைக்குத்தான். தவணைத் திகதியை வீட்டுக் கலண்டரில் பெரிதாக எழுதுங்கள். தவணைக்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பித்தால் நகை பத்திரம், விட்டால் ஏலத்துக்குப் போய்விடும். அடைவுத் துண்டைப் போனில் படம் எடுத்தும் வையுங்கள். நகையை விற்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மூன்றாவது வாசல் வாரக்கடன், அதாவது நுண்கடன். வீட்டுக்கே வந்து தருவார்கள், வீட்டுக்கே வந்து கேட்பார்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும், உங்களுக்கு வருமானமோ மாதத்துக்கு ஒரு முறை. அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. இந்தக் கடனால் பெண்கள் பட்ட பாடு தாங்காமல்தான் 2018இல் திருகோணமலை உட்பட வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அந்த வாசல் பக்கம் போகவே வேண்டாம்.

சாமான் வாங்குவதில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். போக முதல் கிழமை ஒரு விலை கூடிய ஸ்டெதஸ்கோப் வாங்கினேன். கழுத்தில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கும் ஆசைதான், வேறொன்றும் இல்லை. முதல் மாதங்களில் அதைத் தொட்டதே குறைவு. உண்மையில் முதல் நாளே தேவைப்பட்டது வினாடிமுள் உள்ள ஒரு கைக்கடிகாரம். நாடித்துடிப்பு எண்ண அது இல்லாமல் முடியாது. போனைப் பார்த்து எண்ணலாம் என்று நினைக்காதீர்கள், வாட்டில் போனை எடுத்தால் சிஸ்டரின் பார்வையே போதும். கல்லூரி தரும் பட்டியலில் உள்ளதை மட்டும், அதுவும் அங்கே போய் மூத்த மாணவிகளிடம் கேட்ட பிறகு வாங்குங்கள். பலர் வெளியேறும்போது புத்தகங்களைப் பாதி விலைக்குத் தருவார்கள். வெள்ளைச் சப்பாத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான சப்பாத்து வாங்கி, ஆறு மணித்தியாலம் நின்று, குதிக்கால் வெடித்த பிறகு திரும்ப ஒன்று வாங்கியவள் நான். மஞ்சட்காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் முன்கூட்டியே தொடங்குங்கள். மூன்று ஊசி, முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவில் ஆறு மாதம் வேண்டும்.

நான் பயிற்சிக்குப் போனது மட்டக்களப்புக்கு. மூதூர், வெருகல், வாகரை வழியாக பஸ். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் முன் பாதையில் (ஆள், வாகனம் ஏற்றும் மிதவையில்) ஏறிக் கடந்த கதையை அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். பயணம் இலகுவாக இருப்பதும் ஒரு ஆபத்துதான், கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு ஓடி வரச் சொல்லும். முதல் மூன்று மாதம் நான் அப்படி ஓடினேன். கொப்பியில் கூட்டிப் பார்த்தால் பஸ் காசும் வழியில் வாங்கிய கச்சானும் சோடாவும் சேர்ந்து சாப்பாட்டுச் செலவில் பாதிக்கு வந்திருந்தது. பிறகு மாதம் ஒரு தடவை என்று நிறுத்தினேன். திரும்பும்போது அம்மா வறுத்த மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டித் தருவார். அது எனக்குப் பத்து நாள் கறி.

2022க்குப் பிறகு விலையெல்லாம் தலைகீழாகிவிட்டதால் என் தொகைகள் உங்களுக்கு உதவாது. பங்கை மட்டும் சொல்கிறேன். வந்த கொடுப்பனவைப் பத்துப் பங்காக்கினால், நான்கு சாப்பாட்டுக்கு, இரண்டு தங்குமிடத்துக்கு, ஒன்று பயணத்துக்கு, ஒன்று சோப், கொப்பி, போன் என்று. மிச்சம் இரண்டில் ஒன்று அடைவு வட்டிக்கு, ஒன்று வீட்டுக்கு. விடுதி கிடைத்தால் தங்குமிடப் பங்கு சுருங்கும். போடிங் (வாடகை அறை) என்றால் நான்கு பேராகச் சேருங்கள், தண்ணீர், மின்சாரம் வாடகையோடா வேறாகவா என்று முதலே கேளுங்கள். நாங்கள் நான்கு பேரும் முறை வைத்துச் சமைத்தோம். இரவுக் கடமைக்காரிக்குப் பார்சல் கட்டி வைக்காதவளுக்கு அடுத்த நாள் பாத்திரம் கழுவும் தண்டனை. கடைப் பார்சல் எடுத்த மாதங்களில் சாப்பாட்டுப் பங்கு நான்கிலிருந்து ஆறாகிவிடும்.

பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே மாதக் கொடுப்பனவு இல்லை, மகாபொல புலமைப்பரிசில் அல்லது பர்சரி உதவித்தொகைதான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. இதில் மாதம் முழுவதும் ஓடாது, வீட்டிலிருந்தும் வர வேண்டும். குடும்ப வருமானத்தைக் காட்டக் கிராம உத்தியோகத்தரின் (விதானையாரின்) கடிதமும் பிரதேச செயலகத்தின் கையொப்பமும் வேண்டி வரும். படிவம் வந்த பிறகு ஓடினால் விதானையார் கூட்டத்துக்குப் போயிருப்பார். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி எடுக்கும் குடும்பம் என்றால் அந்த விபரத்தையும் கையில் வைத்திருங்கள்.

அரசப் பயிற்சியில் சேரும்போது ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைப்பீர்கள். படித்து முடித்து இத்தனை வருடம் அரச சேவை செய்வேன், இடையில் விட்டால் காசு திருப்பிக் கட்டுவேன் என்பது சாரம். எனக்குப் பிணை நிற்க ஆள் தேடியதுதான் பெரிய அலைச்சல். பெரியப்பா முதலில் தலையாட்டிவிட்டு, கையெழுத்து வைக்கிற நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். கடைசியில் என் பழைய உயிரியல் ரீச்சர்தான் வந்து வைத்தார். பிணையாளிகளை இரண்டு பேர் கூடுதலாகவே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. மூன்றாம் வருடம் முடியும்போது கையில் கொஞ்சம் காசு சேரும், காப்பை மீட்டுவிடத் துடிக்கும். நான் கடைசி மாதக் கொடுப்பனவோடு போய் இரண்டையும் மீட்டு, அம்மா கையில் போட்டுவிட்டேன். கொடுப்பனவு நின்றது. நியமனக் கடிதம் வரவில்லை. பிறகு வந்தாலும், புது ஊரில் முதல் சம்பளம் வரும் வரைக்கும் அறை முற்பணமும் சாப்பாடும் இருக்கிறதே. ஒரு காப்பை மட்டும் மீட்டு, மற்றதன் காசை மூன்று மாதத்துக்கு வைத்திருந்திருக்க வேண்டும். எட்டாம் கிழமை அம்மா தானாகவே சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். கவுண்டரில் அதே அண்ணன். துண்டை எழுதிக்கொண்டே, "திரும்பவும் வந்துட்டீங்களா மிஸ்ஸி" என்றார்.