ஊரடங்கில் அம்மாவின் இன்சுலின்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது அம்மாவிடம் பத்து நாளைக்குத்தான் இன்சுலின் இருந்தது. வழக்கமான மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு மூடல். தீர்ந்துவிடுமே என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் அளவைக் குறைத்துப் போட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 260! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே வீட்டிலேயே சர்க்கரை பார்க்க குளுக்கோமீட்டர் வாங்கினேன். காலையும் இரவும் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் நெறிமுறையும் அந்த வாரமே வந்திருந்தது. டாக்டர் அனுப்பிய சீட்டைக் காட்டி இரண்டு மாத மருந்து வாங்கினேன். அதை ஃபிரிட்ஜ் கதவில் வைக்காமல் நடுத்தட்டில் வைத்தோம். ஃப்ரீசர் கூடவே கூடாது, உறைந்த இன்சுலின் வீண்.

தினமும் இரவில் டார்ச் அடித்து அம்மாவின் பாதங்களில் புண் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். மூன்றாவது வாரம் சர்க்கரை 140-க்கு இறங்கியது.