‘போலே’ என்றால் காசு வந்துவிட்டதா?

போன மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை நகரில் ஓர் அடுக்குமாடியிலிருந்து மூன்று தம்பிமார் கையில் கோப்போடு என்னைப் பார்க்க வந்தார்கள். பள்ளி விடுமுறையில் ஒரு கலைவிழா, கூடவே ராத்திரியில் மோட்டாரில் சுற்றும் பையன்களுக்கு ஃபுட்சால். மாநகர் மன்றத்தில் மானியம் கேட்டிருக்கிறார்களாம்.

“கெனோப்பிக் கூடாரத்துக்கு முன்பணம் கட்டிட்டோம்ணே. பேனரும் அடிச்சாச்சு.”

“கடிதம் வந்துடுச்சா?”

“போலேன்னு சொல்லிட்டாங்கண்ணே. கடிதம் பின்னால வரும்.”

மலாயில் ‘போலே’ என்றால் ‘முடியும், ஆகட்டும்’ என்று பொருள். குடித்துக்கொண்டிருந்த தே தாரேக் தேநீர் எனக்குத் தொண்டையில் நின்றது. இதே பேச்சை, இதே தெம்போடு, நானும் ஒரு காலத்தில் பேசியவன்.

பாரத்தில் கையெழுத்து விட்டுப்போவது, முத்திரை குத்த மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருப்பவர் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு நடை வீண், அவ்வளவுதான். கையைச் சுடுகிற தவறுகள் வேறு.

வாய்வார்த்தையை நம்பிச் செலவு செய்வது

இப்படி ‘போலே’ சொல்கிற மன்ற உறுப்பினர் யார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளியே வைத்துவிட்டது. ஆகவே உறுப்பினர் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்லர், மாநில அரசு நியமித்தவர். ஒரு மன்றத்துக்கு அதிகம் போனால் 24 பேர். அவர்களில் ஒருவர் தலையாட்டினால் கஜானா திறக்காது. அவரால் ஆதரவுக் கடிதம் தர முடியும். பணத்துக்கு ஒப்புதல் கடிதம் வேண்டும். மலாயில் ஒன்று சோக்கோங்கான், இன்னொன்று கெலுலுசான். முதல்முறை போகிறவர்கள் முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வந்துவிட்டதாகக் குதிப்பார்கள்.

நான் அந்த முதல் கடிதம்கூட இல்லாமல் குதித்தவன். எந்த ஊர், எந்த மன்றம் என்று கேட்காதீர்கள். நவம்பர் மாதம், ஒரு திறந்த இல்ல உபசரிப்பில், கையில் தட்டோடு நின்றிருந்த உறுப்பினரிடம் பொங்கல் விழாவைப் பற்றிச் சொன்னேன். “போலே, போலே” என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். மறுநாளே ஒலிபெருக்கி, கூடாரம், நாற்காலி, அறுபது பானை எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

அன்று எனக்கு உறைக்காத விஷயம் இரண்டு. மன்றத்தின் கணக்காண்டு டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி விழாவுக்கு அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில்தான் பணம். இரண்டாவது, பினாங்கில் உறுப்பினர்கள் ஜனவரியில் புதிதாகப் பதவியேற்பார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் நம்மவர் பெயர் இல்லை. புதிதாக வந்தவருக்கு என்னையும் தெரியாது, என் பொங்கலையும் தெரியாது. பொங்கல் நாளோ யாருக்காகவும் தள்ளிப்போகாது.

விழா அமர்க்களமாக நடந்தது. பிப்ரவரி கடைசியில் கடிதம் வந்தது: கேட்டதில் பாதிக்கும் குறைவு, அதுவும் கடிதத் தேதிக்குப் பிறகு ஆகும் செலவுக்கு மட்டும். எங்கள் பில் அத்தனையும் ஜனவரி. ஒரு காசு வரவில்லை. 6,400 வெள்ளி, அதாவது ரிங்கிட், துண்டு விழுந்தது. பொருளாளர் அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தார். எட்டு மாதம் கோயில் வாசலில் முறுக்கும் நாசி லெமாக்கும் விற்று அதை மீட்டோம். கூடாரக்காரரின் எண் என் கைப்பேசியில் இன்னும் ‘எடுக்காதே’ என்ற பெயரில்தான் இருக்கிறது.

பணம் போனதுகூட ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் அந்த மனிதரை நான்கு முறை பார்த்தேன். “ஐயா, கடிதம் எப்போது கிடைக்கும்?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அவரே உண்மையைச் சொல்லியிருப்பார். கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம். நம் ஆட்களுக்கு இந்தக் கூச்சம் ரத்தத்தில் ஊறியது. மேடையில் மாலை போடத் தெரியும், மேசைக்கு எதிரே உட்கார்ந்து தேதி கேட்க வாய் வராது.

இப்போது நான் செய்வது இது. கடைக்காரரிடம் விலைப்பட்டியல் மட்டும் வாங்குவேன். கடிதம் கைக்கு வந்த பிறகுதான் ஆர்டர், பில் எல்லாம். ஜனவரி விழா என்றால் முந்தைய ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பித்து, எந்த ஆண்டு ஒதுக்கீட்டில் வரும் என்று எழுத்தில் கேட்பேன். தை மாதம் முழுக்கப் பொங்கல் வைக்கலாம், முதல் நாளே வைத்தாக வேண்டும் என்று மன்றமும் சொல்லவில்லை, சூரியனும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், மானியம் வராவிட்டாலும் நடத்தக்கூடிய ஒரு சின்ன விழாவுக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பேன்: கோலம், பத்துப் பானை, கோயில் ஒலிபெருக்கி.

இளைஞர் என்ற சொல்லைத் தோரணமாகக் கட்டுவது

மானியத்துக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையான கெர்த்தாஸ் கெர்ஜாவில் ‘இளைஞர்’ என்று எழுதினால் காசு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இளைஞர் அமைப்புகளுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேல்வரம்பு வயது 40. 2019-இல் நிறைவேறிய திருத்தம் அதை 30 ஆக்கியது. அப்போது எங்கள் இளைஞர் பகுதித் தலைவருக்கு 43. பேரன் எடுக்காத குறை.

உண்மையான பையன்களை நாங்கள் நாற்காலி தூக்கக் கூப்பிட்டோம். விழா நடக்கும்போது பாடாங் எனும் திடலின் வேலிக்கு வெளியே மோட்டார் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஃபுட்சாலை ஞாயிறு காலை எட்டு மணிக்கு வைத்தோம். விடியற்காலை நாலு மணிக்குப் படுக்கிறவன் எப்படி வருவான்? நடுவர் இரண்டு பேர், நான், ஒரு பந்து.

பிறகு ஒருவன்தான் சொன்னான், “வெள்ளிக்கெழம ராத்திரி ஒம்பது மணிக்கு வைங்கண்ணே.” வைத்தோம், எட்டு வாரம் தொடர்ந்து. கோப்பை கிடையாது, மேடை கிடையாது. செலவு விளக்குக்கும் தண்ணீருக்கும்தான். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்கள்தான் இவர்கள் வழிமாறிப் போகிற காலம். கேட்பதை அந்த மாதங்களுக்குக் கேளுங்கள். ஒருநாள் கூத்தால் எந்தப் பையனும் திருந்தியதை நான் பார்த்ததில்லை.

சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுப்பது

தலைவரின் வங்கிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். இயக்கத்தின் பெயரில் கணக்கு, சங்கப் பதிவு இலாகாவின் சான்றிதழ் இரண்டும் கோப்பில் இருக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பியிருக்கிறீர்களா என்று செயலாளரைக் கேளுங்கள். அவர் முகத்தையும் பாருங்கள்.

‘இதர செலவு’

எழுதாதீர்கள். முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

வி.ஐ.பி. வந்த பிறகுதான் தொடக்கம்

பிள்ளைகள் வெயிலில் நின்று மயங்குவார்கள். ஆரம்பித்துவிடுங்கள்.

ரசீது

கடையில் தரும் வழவழப்பான மெல்லிய தாள் நாளடைவில் வெள்ளையாகிவிடும். அன்றைக்கே நகல் எடுங்கள்.

தம்பிமார் கெனோப்பிக்காரரிடம் பேசி, கடிதம் வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பேனரில்தான் பழைய தேதி. அதன்மேல் ஒட்ட ஸ்டிக்கர் வாங்கப் போயிருக்கிறார்கள். அதற்கு ரசீது வேண்டாம், அதை உங்கள் சொந்தக் காசில் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.