எருமையில் கிடைத்தால் எருமைப் புழுவா?

அறுத்த ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ கையில் எடுத்தால் சில நேரம் எலுமிச்சை அளவில் விறைப்பான, வெளுத்த கட்டி ஒன்று தட்டுப்படும். எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம் அது. முழுதாக வளர்ந்த புழு நாயின் குடலில் இருக்கும். ஏழு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. இந்தப் புழுவில் ஜி1, ஜி2 என்று ஜி10 வரை மரபணு வகைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். அவற்றைப் பிரித்தறிய இறங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது, விலங்கின் பெயரையே புழுவின் பெயராக எடுத்துக்கொள்வதில்தான்.

குற்றம் பழைய பெயர்களுடையது. ஜி1 'செம்மறி வகை', ஜி3 'எருமை வகை', ஜி5 'மாட்டு வகை' என்று வைத்துவிட்டார்கள். ஆனால் ஜி1 செம்மறியோடு நிற்பதில்லை. மாடு, எருமை, பன்றி, மனிதர் என எவரையும் விடாது. ஜி3 இந்தியாவில் எருமையில் மட்டுமா கிடைத்தது? மாட்டிலும் செம்மறியிலும் மனிதரிலும் கிடைத்திருக்கிறது. அப்புறம் ஜி2. அது ஜி3-இன் சின்ன மாறுபாடுதான் என்று பின்னால் தெரிந்துவிட்டது. பழைய கட்டுரைகளிலிருந்து அதை அப்படியே எடுத்து அட்டவணையில் போட்டால், இல்லாத ஒரு வகை முளைத்துவிடும்.

அடுத்த தவறு எண்ணிக்கையில். கட்டியைக் கீறினால் தெளிந்த நீர் பீறிட்டு வரும், அடியில் மணல் மாதிரி ஏதோ படியும். ஒவ்வொரு மணலும் ஒரு புழுத்தலை. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் எல்லாம் ஒரே முட்டையிலிருந்து, கலப்பில்லாமல் பெருகியவை. அதில் இருபதை எடுத்து டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படித்துவிட்டு 'இருபது மாதிரிகள், மாறுபாடே இல்லை' என்று எழுதுவது ஒரே ஆளை இருபது முறை எண்ணுவதுதான். கட்டி ஒன்றுக்கு மாதிரி ஒன்று. அதிலும் எந்த விலங்கு, எந்த மந்தை என்று குறித்தே ஆக வேண்டும். ஒரே மந்தையின் கட்டிகள் எல்லாம் ஒரே நாயின் குடல்புழு போட்ட முட்டைகளிலிருந்து வந்தவையாகவே இருக்கலாம்.

வயிற்றுக்குள் கொழுப்புத் திரையில் தொங்கும் மெல்லிய நீர்ப்பையை எக்கினோகாக்கஸ் கட்டி என்று பொறுக்கி வருவதும் உண்டு. உள்ளே ஒற்றை வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது டீனியா ஹைடாடிஜீனா, வேறு புழு. அதேபோல் கட்டியைப் பார்மலினில் போட்டுவிட்டு வந்து பிசிஆர் (டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் சோதனை) ஓடவில்லையே என்று விழிக்காதீர்கள். பார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும், எத்தனால் போதும்.

சரி, டிஎன்ஏ எழுத்து வரிசையும் கிடைத்துவிட்டது. 1992 முதல் புழங்கும் காக்ஸ்1 மரபணுத் துண்டின் நீளம் 366 எழுத்து. ஜி1-ஐயும் ஜி3-ஐயும் பிரிக்க அதில் கிடைப்பது இரண்டொரு எழுத்து வேறுபாடு. ஒரு எழுத்து தவறாகப் படித்தாலும் வகை மாறிப்போகும். இவ்விரண்டையும் பிரிக்க நேட்5 மரபணு நம்பகமானது. காக்ஸ்1, நேட்5 இரண்டுமே செல்லின் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பவை என்பதால் தாய்வழிக் கதையை மட்டுமே சொல்லும். கலப்பினம் பற்றிப் பேச வேண்டுமானால் உட்கரு மரபணுவையும் பார்த்தாக வேண்டும்.

'ஜி எத்தனை என்றால் என்ன, பூச்சி மருந்து ஒன்றுதானே' என்று கால்நடை மருத்துவர்களே கேட்பதுண்டு. மருந்து ஒன்றுதான், நாள்தான் வேறு. மாட்டில் ஜி1 கட்டி பெரும்பாலும் மலடு. உள்ளே மணல் இருக்காது, நாய் தின்றாலும் புழு வராது. ஜி5 என்றால் மாட்டின் நுரையீரலிலேயே மணலோடு நன்றாக விளையும். நாய்க்குள் போன ஜி1 முட்டை போட ஏறக்குறைய 45 நாள் ஆகும் என்பதால்தான் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாய்க்கு பிராசிகுவான்டல் என்ற அந்தப் பூச்சி மருந்தைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஜி5-க்கு 33 முதல் 35 நாளே போதும். மருந்து கொடுத்த மறுநாளே நாய் அப்படியொரு நுரையீரலைத் தின்றிருந்தால், அடுத்த மாத்திரை வருவதற்குள் ஏறக்குறைய ஒரு வாரம் புழு முட்டைகளைச் சிந்தியபடி தொழுவத்தைச் சுற்றி வரும்.