தாய்லாந்தில் 90 நாள் முகவரி அறிவிப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

வேலை, படிப்பு, குடும்பம், ஓய்வுக்காலம் என எதற்காக வந்தவராக இருந்தாலும், நீண்டகால விசாவில் தாய்லாந்தில் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்கினால், எங்கே வசிக்கிறோம் என்பதைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்தடுத்த ஒவ்வொரு 90 நாளுக்கும் இதே கடமை உண்டு. 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை, வேலையும் சிறியதுதான். ஆனாலும் பலர் தவறவிடுகிறார்கள். "எனக்குத்தான் ஒரு வருஷ விசா இருக்கிறதே" என்ற நினைப்புதான் பெரும்பாலும் காரணம்.

விசா முடியும் தேதி வேறு, 90 நாள் தேதி வேறு. விசாவை ஓராண்டுக்கு நீட்டித்து வைத்திருந்தாலும் அறிவிப்பைச் செய்துதான் ஆக வேண்டும். அதேபோல, அறிவிப்பைச் செய்துவிட்டதால் தங்கும் அனுமதி ஒரு நாள்கூட நீளாது. இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது.

படி 1: உங்கள் தேதியைக் கண்டுபிடியுங்கள்

பாஸ்போர்ட்டில் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த முத்திரையைப் பாருங்கள். அந்த நாள்தான் முதல் நாள். 2026 ஜனவரி 1 அன்று வந்திறங்கியிருந்தால் 90ஆவது நாள் மார்ச் 31. நேரில் போவதாக இருந்தால் அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை, அதாவது மார்ச் 16 முதல் ஏப்ரல் 7 வரை, அபராதமின்றி அறிவிக்கலாம்.

பின்னால் வரும் அந்த 7 நாளை நம்பித் திட்டமிடாதீர்கள். கெடு தேதி 2026 ஏப்ரல் 10 வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சனி, ஞாயிறு. 13 முதல் 15 வரை தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விடுமுறை. ஆக, அந்த 7 நாளில் அலுவலகம் திறந்திருப்பது 2 நாள் மட்டுமே, அந்த இரண்டு நாளும் கூட்டம் அலைமோதும். 15 நாள் முன்பு என்ற தேதியையே உங்கள் கெடுவாக நினைத்து, கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

கணக்கு மாறும் இடங்கள் இரண்டு. நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். 80ஆவது நாளில் ஊருக்குப் போய் வந்தால் அந்த முறை அறிவிப்பே தேவையில்லை. (ஆனால் நீட்டித்த விசாவில் இருப்பவர்கள் மறுநுழைவு அனுமதி வாங்காமல் வெளியேறினால் தங்கும் அனுமதியே ரத்தாகிவிடும். விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் இதைச் சரிபாருங்கள்.) இரண்டாவது, முதல்முறையாக விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பது ஒரு 90 நாள் அறிவிப்பாகவே கணக்கில் வரும். அடுத்தடுத்த ஆண்டு நீட்டிப்புகளுக்கும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள்.

எல்.டி.ஆர். (Long-Term Resident) என்ற தனிவகை விசா வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தால் போதும்.

படி 2: டி.எம்.30 இருக்கிறதா பாருங்கள்

வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. அந்தப் படிவம்தான் டி.எம்.30. இது வேறு, 90 நாள் அறிவிப்பு வேறு. என்றாலும் பல அலுவலகங்களில் இதன் ரசீதைக் கேட்பார்கள். அது இல்லாமல் போய்த் திரும்பி வருபவர்கள் நிறைய. வாடகைக்கு வந்த அன்றே உரிமையாளரிடம் கேட்டு ஒரு நகல் வாங்கி வையுங்கள். வீடு மாறினால் புதிய ரசீது வேண்டும்.

படி 3: ஆவணங்கள்

பூர்த்தி செய்து கையொப்பமிட்ட டி.எம்.47 படிவம் (90 நாள் அறிவிப்புக்கான படிவம் இதுதான்), பாஸ்போர்ட், அதில் படம் உள்ள பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை, கடைசி நீட்டிப்பு முத்திரை ஆகியவற்றின் நகல்கள். முன்பு அறிவித்திருந்தால் அப்போது கொடுத்த துண்டுச்சீட்டும் வேண்டும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது பெயர். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். வீட்டில் எழுதும் வழக்கப்படி தலைப்பெழுத்தை முன்னால் போட்டு எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள வரிசை, உள்ள எழுத்து, அவ்வளவுதான்.

படி 4: சமர்ப்பிப்பது

முதல்முறை நேரில்தான் போக வேண்டும். உங்கள் முகவரி எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அந்த மாகாணக் குடிவரவு அலுவலகம். பாங்காக்வாசிகளுக்கு அது சேங் வத்தனா அரசு வளாகம். காலை 8.30க்குத் திறக்கிறார்கள், மதியம் 12 முதல் 1 வரை இடைவேளை. உங்களால் போக முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்தனுப்பலாம்.

அடுத்த முறையிலிருந்து குடிவரவுத் துறையின் இணையதளத்தில் கணக்கு தொடங்கி வீட்டிலிருந்தே செய்யலாம். முதல் துண்டுச்சீட்டில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இதிலும் நிரப்புங்கள். அவர்களுடைய பதிவோடு பொருந்தாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். 15 நாள் முன்பே அனுப்பிவிட்டால், நிராகரித்தாலும் நேரில் போக அவகாசம் இருக்கும். பின்னால் உள்ள 7 நாள் சலுகை நேரில் போகிறவர்களுக்கானது. பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் அந்த முறை மட்டும் மீண்டும் நேரில் செல்ல வேண்டும்.

பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். நகல்களை மட்டும் வையுங்கள், பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டாம். உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே இருக்கட்டும். கெடுவுக்கு 15 நாள் முன்பே தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

படி 5: துண்டுச்சீட்டு

கிடைத்தவுடன் பெயர், பாஸ்போர்ட் எண், அடுத்த தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். அடுத்த கெடுவுக்கு இனி நீங்கள் கணக்குப் போட வேண்டாம், அதில் அச்சிட்ட தேதியே போதும். தேதி புத்த ஆண்டில் இருந்தால் 543ஐக் கழியுங்கள்: 2569 என்றால் 2026.

தவறிவிட்டால்

பயந்து தள்ளிப்போடாதீர்கள். நீங்களாகப் போய்ச் சொன்னால் வழக்கமான அபராதம் 2,000 பாட், கட்டினால் அன்றே முடிந்துவிடும். சோதனையில் பிடிபட்டால், சட்டப்படி 5,000 பாட் வரையிலும், அறிவிக்கும் வரை நாளொன்றுக்கு 200 பாட் வரையிலும் போகலாம். விசாக் காலம் கடந்து தங்குவது இதைவிடப் பெரிய குற்றம், அதற்கு நாளொன்றுக்கு 500 பாட். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, 90 நாள் அறிவிப்பை மறந்த ஒரே காரணத்துக்காக நாடு கடத்திவிடுவார்களோ என்று பயந்து அலுவலகப் பக்கமே போகாமல் இருக்கிறவர்கள் உண்டு. உங்களுக்கும் அப்படி ஒன்று பாக்கி இருந்தால், நாளைக் காலை 8.30க்கு முன்பே வரிசையில் போய் நில்லுங்கள்.