லிங்கனின் தாத்தாவைத் தேடிப் பிடிப்பது எப்படி? (எல்லைப்புற மிலிஷியா கேப்டன்களுக்கான செய்முறை)

தாத்தாவுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம். மகன் தாமஸ் கூலி வேலைக்கு அலைந்த தச்சர். பேரன் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன். நடுவில் அந்த நிலமெல்லாம் எங்கே போச்சு? இந்தக் கேள்வி என்னுடைய பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டது. தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். வர்ஜீனியா எல்லையில் மிலிஷியா (உள்ளூர்க் குடிமக்கள் படை) கேப்டன். அவரை வைத்துப் பழகிக்கொண்டால், அதே காலத்து வேறு எந்தக் கேப்டனையும் பழைய ஆவணங்களில் தேடலாம்.

படி 1: ஆளை விடுங்கள், எல்லைக் கோட்டைப் பிடியுங்கள்

நான் தலைகுப்புற விழுந்தது இங்கேதான். கேப்டன் குடியிருந்த லின்வில் ஓடைப் பகுதி முதலில் ஆகஸ்டா கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). 1778இல் அதுவே ராக்கிங்ஹாம் ஆனது. மனிதர் வீட்டை விட்டு நகரவே இல்லை, கவுன்ட்டிதான் நகர்ந்தது! கேப்டன் பிறகு குடிபெயர்ந்த கென்டக்கியும் அப்போது வர்ஜீனியாவுக்குள்தான். 1776 இறுதியில் ஒரே கவுன்ட்டியாக இருந்தது, 1780இல் ஜெஃபர்சன், லிங்கன், ஃபாயெட் என்று மூன்றானது (இந்த 'லிங்கன்' வேறொருவர், ஒரு தளபதி. நானும் ஏமாந்தேன்). பிறகு ஜெஃபர்சனிலிருந்து நெல்சன், நெல்சனிலிருந்து வாஷிங்டன். நான் ஜெஃபர்சனை மட்டும் துழாவிக்கொண்டிருந்தேன். கேப்டன் இறந்த பின் சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு 1788இல் நெல்சன் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது.

நியூபெரி நூலகத்தின் பழைய கவுன்ட்டி எல்லை வரைபடம் இலவசம். அதைத் திறந்து வைத்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: எழுத்துப் பிழையோடு தேடுங்கள்

1785 மே 7ஆம் தேதியிட்ட சர்வே ஆவணம். ஜெஃபர்சன் கவுன்ட்டி, லாங் ரன் ஓடை, 400 ஏக்கர். உரிமையாளர் பெயர் 'லிங்க்ஹார்ன்'! அதே தாளில் நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவர்கள் பெயர் மட்டும் ஒழுங்காக 'லிங்கன்'. அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களாகவே இருப்பார்கள். அந்தப் பெயர்களை விடாதீர்கள். கென்டக்கி நில அலுவலகத் தளத்தில் வர்ஜீனியா காலப் பட்டாக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படி 3: மனைவி

நிலம் விற்ற பத்திரத்தில் தேடுங்கள். கணவன் இறந்தால் நிலத்தில் தனக்குக் கிடைக்கும் விதவைப் பங்கு உரிமையை விட்டுக்கொடுக்க மனைவியின் சம்மதம் தனியாக வாங்கப்படும். கேப்டன் 1780இல் 250 ஏக்கரை விற்றபோது 'பாத்ஷீபா' என்ற பெயர் அப்படித்தான் ஆவணத்தில் ஏறியது. பிறந்த வீட்டுப் பெயர் அதில் இராது. ஹெர்ரிங்கா ஷிப்லியா என்று வம்சாவளிக்காரர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள்.

படி 4: அன்றைய வாரிசுச் சட்டம்

1786 மே மாதம், வயலில் வேலை செய்துகொண்டிருந்த கேப்டனைப் பழங்குடி வீரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். மூத்த மகன் மார்டெகாய் குடிலுக்குள் ஓடித் துப்பாக்கி எடுத்துத் திருப்பிச் சுட்டதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். கடைசி மகன் தாமஸுக்கு எட்டு வயது. உயில் கிடையாது. உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கே என்பதை ஒழித்துப் பிள்ளைகளுக்குச் சமபங்கு தரும் வர்ஜீனியாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1. எட்டு மாதம்கூட இல்லை! நிலம் மார்டெகாய்க்குப் போனது, தாமஸ் கூலி வேலைக்குப் போனார். இது புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கருவிகள்

ஃபேமிலிசர்ச் என்ற இலவச வம்சாவளித் தளம் போதும். காசு கட்டும் தளம் ஒன்றில் யாரோ போட்ட வம்ச மரத்தை நம்பி, தாமஸுக்குத் தவறான அம்மாவை ஒரு மாதம் வைத்திருந்தேன். மரத்தை ஒரு துப்பாக மட்டும் பாருங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: 'பென்ஷன் மனுவில் தேடினேன், ஒன்றுமே இல்லை' என்று இருவர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பணியாற்றிய மிலிஷியாக்காரர்களுக்குப் பரவலாகப் பென்ஷன் தந்த சட்டம் 1832 ஜூன் 7இல்தான் வந்தது. உங்கள் ஆள் அதுவரை உயிரோடு இருந்திருந்தால் தேடுங்கள். விதவைகளுக்கு 1836 முதல் வந்த சட்டங்களையும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: ராக்கிங்ஹாம் ஆவணங்களில் ஓட்டை இருப்பது உங்கள் தேடலின் குற்றமல்ல. உள்நாட்டுப் போரின்போது, 1864இல் பத்திரமாக வண்டியில் ஏற்றி அனுப்பியவற்றுக்கு வடக்குப் படையினர் வழியில் தீ வைத்தார்கள். யார் படை என்கிறீர்களா? பேரனுடையது.