முன்பு சிசேரியன் ஆனவர்கள் நஞ்சுக்கொடியின் இடத்தைக் கேட்டறிவது எப்படி, ஏன்

குழந்தை பிறந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழன்று விழ வேண்டிய நஞ்சுக்கொடி, பழைய அறுவைத் தழும்பின் மேல் பதிந்திருந்தால் கருப்பைத் தசையோடு ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்குத் தசைக்குள் ஊடுருவும், அரிதாகக் கருப்பையைத் தாண்டிச் சிறுநீர்ப்பை வரைக்கும் போகும். இதை 'பிளாசென்டா அக்ரீட்டா' வகை என்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் சிசேரியன் என்பதால், இதை எங்கோ யாருக்கோ வருவது என்று ஒதுக்க முடியாது.

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். முதலில் அந்த வரியைப் பாருங்கள். பழைய தழும்பு கருப்பையின் முன்சுவரில், கீழ்ப்பகுதியில் இருக்கும். ஆகவே 'ஆன்டீரியர்' (முன்சுவரில்), 'லோ லையிங்' (கீழிறங்கி) அல்லது 'பிரீவியா' (கருப்பை வாயை மறைத்து) என்றிருந்தால், ஒட்டியிருக்கிறதா என்று இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்த பெண்களிடம் செய்யப்பட்ட, 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதத்தினருக்கும் மூன்றாவதில் 40 சதவீதத்தினருக்கும் இது இருந்தது. ஸ்கேனில் தெரியவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. இத்தகையவருக்கு இருப்பதாகவே கருதி ஆயத்தமாவதுதான் என் பார்வையில் சரி.

உறுதியானால், இரத்த வங்கி, மயக்க மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை ஆகிய எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனைக்கு முன்கூட்டியே மாறுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பது இங்கே காரணமாகாது. இரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்துகொண்டு, தேவையான இரத்தத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது குறித்து மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வலியே இல்லாமல் சிறிதளவு இரத்தம் பட்டாலும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இரத்தப்போக்கு தொடங்கும்வரை காத்திராமல், பொதுவாக 34 முதல் 36 வாரத்துக்குள் அறுவை குறிக்கப்படும். அதற்கு முன் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நஞ்சுக்கொடி இல்லாத இடத்தில் கருப்பையைத் திறந்து குழந்தையை எடுத்தபின், நஞ்சை இழுக்காமல் அப்படியே விட்டு, கருப்பையோடு சேர்த்து அகற்றுவதே வழக்கமான முறை. இழுத்தால் சில நிமிடங்களில் பல லிட்டர் இரத்தம் போகலாம். சினைப்பைகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், உடனே மாதவிடாய் நிற்றலின் ஹார்மோன் தொல்லைகள் வந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். கருப்பை அகற்றப்படலாம் என்பதை மாமியாரிடமோ கணவரிடமோ மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்காமல், கர்ப்பிணியிடமே முன்னதாகப் பேச வேண்டும். இன்னொரு குழந்தை வேண்டும் என்று கருப்பையைக் காப்பாற்ற விரும்புவோருக்கு நஞ்சை உள்ளேயே விட்டுவைக்கும் வழியும் உண்டு. ஆனால் அது கரைய மாதக்கணக்காகலாம், அதுவரை காய்ச்சல், கிருமித்தொற்று, திடீர் இரத்தப்போக்கு ஆகியவற்றுக்காக மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும், அடுத்த கர்ப்பத்திலும் இதே சிக்கல் திரும்பலாம்.